உங்களுக்குத் தெரியுமா? செக் இப்போது அன்றைக்கே திரும்பும்!

நீங்கள் கொடுத்த செக், வாங்கியவரின் வங்கியிலேயே நின்றுவிடுகிறது. ஸ்கேன் செய்த படமும் அடியில் உள்ள எம்.ஐ.சி.ஆர். எண்களின் விவரமும்தான் உங்கள் வங்கிக்குப் போகின்றன. சென்னைக்கு இந்த முறை 2011-இல் வந்தது.

2025 அக்டோபர் 4 முதல் வேகம் இன்னும் கூடியிருக்கிறது. பகலில் படங்கள் போய்க்கொண்டே இருக்கும். இரவு 7 மணிக்குள் உங்கள் வங்கி முடிவைச் சொல்லியாக வேண்டும். ‘இன்று செக், நாளை பணம்’ என்ற கணக்கு இனி பலிக்காது.

கடனுக்குத் தந்த செக் பணமில்லாமல் திரும்பினால், மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆம் பிரிவின்படி 2 ஆண்டு வரை சிறையோ, செக் தொகையில் இரு மடங்கு வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். பணம் கேட்டு செக் வாங்கியவர் அனுப்பும் நோட்டீஸ் கிடைத்த 15 நாளுக்குள் பணத்தைக் கொடுத்துவிட்டால் இந்த வழக்கைத் தவிர்க்கலாம். கையெழுத்துப் போடும் முன்பே இருப்பைப் பார்த்துவிடுங்கள்.