கியர் சிக்கினால் உடனே எஞ்சினைப் பிரிக்க வேண்டாம்

சமயநல்லூர், சோழவந்தான் பக்கம் வாய்க்கால் கரையிலும் வரப்போரத்திலும் உழைக்கும் பழைய இருசக்கர வண்டிகள் சேற்றுக்கும் தண்ணீருக்கும் தப்ப முடியாது. "கியரு விழுக மாட்டேங்குதுண்ணே" என்று பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு வருபவரிடம் சில இடங்களில் உடனே எஞ்சினை இறக்கச் சொல்வார்கள். அதற்குச் சட்டென்று தலையாட்டிவிடாதீர்கள். கோளாறு பல்சக்கரங்களுக்கு வெளியிலேயே இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. வெளியிலிருந்து உள்ளே பார்த்துக்கொண்டு போனால் வீண்செலவு மிச்சமாகும்.

பெரும்பாலான வண்டிகளில் கியர் லீவர் ஒரு ஷாஃப்டைத் திருப்பும். ஷாஃப்டின் உள்முனையில் இருக்கும் கொக்கி, டிரம் என்னும் உருளையை ஒரு படி சுழற்றும். டிரம்மின் மேல் வளைந்து ஓடும் காடிகளில் போர்க் என்னும் கவைகளின் முனை உட்கார்ந்திருக்கும். டிரம் திரும்பியதும் போர்க் பல்சக்கரத்தைப் பக்கவாட்டில் தள்ளி அடுத்ததோடு கோத்துவிடும். காலை எடுத்ததும் லீவரைப் பழைய இடத்துக்கு இழுப்பது ஒரு ஸ்பிரிங்.

எஞ்சினை அணைத்து நிறுத்திய வண்டியில் எல்லாக் கியரும் விழாது. அது கோளாறே இல்லை. பற்கள் நேருக்கு நேர் வரவில்லை, அவ்வளவுதான். சென்டர் ஸ்டாண்டு போட்டு, பின்சக்கரத்தைக் கையால் உருட்டிக்கொண்டே லீவரை மெல்ல அழுத்துங்கள். இப்படி எல்லாக் கியரும் விழுந்து, எஞ்சின் ஓடும்போது மட்டும் முரண்டு பிடித்தால் சந்தேகம் கிளட்ச் மேல் போக வேண்டும். ஸ்ப்ளெண்டர் போன்ற வண்டியில் கிளட்ச் லீவரின் நுனி 10 முதல் 20 மில்லிமீட்டர் வரை சும்மா ஆட வேண்டும். அதற்குமேல் தொய்ந்தால் கேபிளை இறுக்குங்கள். மாதக்கணக்கில் நின்ற வண்டியில் கிளட்ச் பிளேட்டுகள் ஒட்டிக்கொள்ளும். கிளட்சைப் பிடித்தபடி கிக்கரை நாலு உதை உதைத்தால் பல நேரம் விட்டுவிடும்.

அடுத்தது கியர் லீவர். ஷாஃப்டின் வரிப்பற்கள் தேய்ந்திருந்தால் லீவர் மட்டும் திரும்பும், ஷாஃப்ட் அசையாது. கீழே விழுந்த வண்டியில் லீவர் வளைந்து எஞ்சின் கவரில் முட்டலாம். வயல்வண்டிகளுக்கே உரிய தொல்லை ஒன்று உண்டு: ஆயில் சீல் ஓரத்தில் சேறு காய்ந்து, ஷாஃப்ட் துருப்பிடித்து, மிதித்த லீவர் திரும்பாமல் நிற்கும். சுத்தமாகத் துடைத்து, துரு நீக்கும் எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊறவிடுங்கள். சீல் கிழிந்திருந்தால் மாற்றிவிடுங்கள். லீவரைச் சுத்தியலால் தட்டவோ ஏறி மிதிக்கவோ கூடாது. சிறிய பழுது அங்கேதான் போர்க் வளைகிற பெரிய பழுதாகிறது.

வெளியே எல்லாம் சரியாக இருந்தும் லீவர் தொளதொளவென்று தொங்கினால் ஸ்பிரிங் உடைந்திருக்கும், இல்லையென்றால் இடம் நழுவியிருக்கும். ஸ்ப்ளெண்டரில் அது வலப்பக்கம், கிளட்சுக்குப் பின்னால் இருக்கிறது. எண்ணெயை வடித்து, கிக்கரையும் வலப்பக்கக் கவரையும் கிளட்சையும் கழற்றினால் கைக்கு எட்டிவிடும். எஞ்சினை இரண்டாகப் பிரிக்க வேண்டியதில்லை.

1955-இல் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா திருவொற்றியூரில் செய்த பழைய நான்கு கியர் புல்லட்டின் அமைப்பு வேறு. கியர் லீவர் வலப்பக்கம். முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. கியர்பாக்ஸ் எஞ்சினுக்குப் பின்னால் தனிப்பெட்டியாக நிற்கும். லீவருக்குப் பக்கத்தில் குதிகாலால் அழுத்தும் நியூட்ரல் லீவர் இருக்கிறதே, கோளாறு எங்கே என்று அதுவே சொல்லிவிடும். கால் லீவரின் ஒவ்வொரு மிதிக்கும் ஒரு படி நகர்த்தும் ராச்செட்டைத் தொடாமல் அது நேராக உள்ளே வேலை செய்கிறது. இரண்டிலோ மூன்றிலோ சிக்கிய வண்டி அதை அழுத்தியதும் நியூட்ரலுக்கு வந்தால் உள்ளே பல்சக்கரங்கள் சுதந்திரமாக இருக்கின்றன; பழுது ராச்செட்டிலோ அதன் ஸ்பிரிங்கிலோதான். ராச்செட்டின் தடுப்புத் தகட்டை இரண்டு போல்ட்டுகள் பிடித்திருக்கும். மேல் பக்கம் எளிதாகவும் கீழ்ப்பக்கம் சிரமமாகவும் விழுந்தால் போல்ட்டுகளைத் தளர்த்தி, லீவர் இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு நகர்ந்து பல்லைப் பிடிக்கும்படி தகட்டை நகர்த்தி இறுக்குங்கள். எத்தனையோ புல்லட்டுகளுக்கு மருந்து இவ்வளவுதான்.

எஞ்சினைப் பிரித்தே ஆக வேண்டிய நிலையும் வரும். வடித்த எண்ணெயில் இரும்புத் துணுக்குகள் மின்னினால், பாரம் ஏற்றி ஓட்டும்போது ஏதோ ஒரு கியர் மட்டும் தானாகக் கழன்றால், போர்க்கோ பல்லோ தேய்ந்துவிட்டது என்று கொள்ளலாம். வளைந்த போர்க்கைத் தட்டி நிமிர்த்தச் சொல்லாதீர்கள், புதிது போடச் சொல்லுங்கள். அதோடு உராய்ந்த பல்சக்கரத்தின் பக்கவாட்டுப் பற்கள் மழுங்கியிருந்தால் அதையும் மாற்றினால்தான் புதுப் போர்க் நிலைக்கும்.

கவரை மூடுமுன் பின்சக்கரத்தை உருட்டிக்கொண்டே எல்லாக் கியரையும் இருமுறை ஏற்றி இறக்கிப் பாருங்கள். பிறகு புதுப் பேக்கிங் வைத்து மூடி, அந்த வண்டிக்குச் சொன்ன எண்ணெயைச் சொன்ன அளவுக்கு ஊற்றுங்கள்.