ரயிலேறிய கிந்தன்

விடிவதற்கு முன்பே ஒரகடம் சாலையில் கம்பெனி பஸ்கள் வரிசையாக வந்து நிற்கின்றன. சீருடை அணிந்த வாலிபர்கள் இறங்குகிறார்கள். கழுத்திலே அடையாள அட்டை, கண்ணிலே கலையாத தூக்கம். தந்தை ஏர் பிடித்தவர்; மகன் ஐ.டி.ஐ. படித்தவன். எங்கெங்கோ உள்ள சிற்றூர்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள்! இவர்களைக் காணும்போதெல்லாம் ஒரு நடிகரின் நினைவு நெஞ்சில் எழுகிறது. அவர்தான் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன்.

ஏன் தெரியுமா, தோழர்களே? இந்த வாலிபர்களின் கதையை 1949-லேயே அவர் திரையில் சொல்லிவிட்டார்!

அண்ணா எழுதிய 'நல்லதம்பி' படத்திலே கலைவாணர் நிகழ்த்திய 'கிந்தனார்' காலட்சேபத்தை நமது பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நந்தனைப் போலவே கிந்தனும் தாழ்த்தப்பட்ட குடியிலே பிறந்தவன். நந்தன் நாடியது சிதம்பரம்; கிந்தன் நாடியது பள்ளிக்கூடம். நந்தன் தீயிலே இறங்கினான். கிந்தன் ரயிலிலே ஏறினான்! பட்டணம் போனான், படித்தான், அதிகாரியாக ஊர் திரும்பினான். கோபுரத்தைக் காட்டிக் கும்பிடச் சொன்ன கதையை, புத்தகத்தைக் காட்டிப் படிக்கச் சொல்லும் கதையாக மாற்றினார் கலைவாணர். கொட்டகை சிரித்தது, சிரித்தபடியே சிந்தித்தது.

இந்தத் துணிவு அவருக்கு எங்கிருந்து வந்தது? 1908-ல் நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியில் ஏழைக் குடும்பத்திலே பிறந்தவர் அவர். டென்னிஸ் மைதானத்தில் பந்து பொறுக்கிப் போட்டார். நாடகக் கொட்டகையில் சோடா விற்றார். பிறகு டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவிலே நடிகரானார். 1936-ல் வெளிவந்த 'சதி லீலாவதி'யில் நடித்தார். மாளிகையிலிருந்து ஏழையைப் பார்த்தவரல்லர்; ஏழையாக இருந்து மாளிகையைப் பார்த்தவர்!

புகழின் உச்சியிலே இடி விழுந்தது. 1944 டிசம்பரில், லட்சுமிகாந்தன் கொலை வழக்கில், எம்.கே.தியாகராஜ பாகவதருடன் கைதானார். 1945-ல் ஆயுள் தண்டனை. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று திரும்பியது. 1947 ஏப்ரலில் இருவரும் விடுதலை பெற்றனர். அந்த இருண்ட நாட்களில், அவரை நம்பியிருந்த நடிகர்கள் பசித்திருக்கலாகாது என்று துணைவியார் டி.ஏ.மதுரம் அம்மையாரும் எஸ்.வி.சகஸ்ரநாமமும் நாடகக் குழுவைக் கட்டிக் காத்தனர்.

சிறை மீண்டவர், நமக்கேன் வம்பு என்று ஒதுங்கியிருக்கலாம். ஒதுங்கினாரா? 'நல்லதம்பி'யிலே மதுவைச் சாடினார். கலைஞரின் வசனத்தோடு 1951-ல் 'மணமகள்', 1952-ல் 'பணம்' படங்களை இயக்கினார்.

1957 தேர்தலிலே நமது காஞ்சிக்கே வந்தார். அண்ணாவை எதிர்த்து நின்றவர் ஒரு டாக்டர். கலைவாணர் மேடையேறி, டாக்டரின் கைராசியையும் குணத்தையும் புகழ்ந்துகொண்டே போனாராம். கூட்டம் திகைத்தது. முடிவிலே, "இவ்வளவு நல்ல டாக்டர் உங்கள் ஊரிலேயே இருக்க வேண்டாமா? அண்ணாவைச் சட்டசபைக்கு அனுப்புங்கள்!" என்ற பொருளில் அவர் முடித்ததை, கழகத்தார் இன்றும் சொல்லிச் சொல்லி மகிழ்கிறார்கள். எதிரியையும் இழிவுபடுத்தாத நாகரிகம் அது! அண்ணா வென்றார்.

அதே ஆண்டு ஆகஸ்டு 30-ந் தேதி, 48 வயதில், வாரி வாரி வழங்கிய கலைவாணர் மறைந்தார். 1969 ஜனவரியில் நோயுற்றிருந்த நிலையிலும் தியாகராய நகருக்கு வந்து அவர் சிலையைத் திறந்து வைத்தார் அண்ணா. அதுவே அண்ணா கலந்துகொண்ட கடைசிப் பொது நிகழ்ச்சி.

ஒரகடத்துத் தோழனே! நீதான் அந்தக் கிந்தன். படித்தாய், பட்டணம் வந்தாய், நீ பூட்டிய கார் கடல் கடந்து செல்கிறது. ஆனால் உன்னருகே அதே வேலையைச் செய்பவன் ஒப்பந்தத் தொழிலாளி. வேலை ஒன்று, கூலி வேறு! அவனுக்கு இன்று வேலை உண்டு, நாளை உண்டா என்பது அவனுக்கே தெரியாது. கல்வி கிந்தனை ஆலை வாசல்வரை கொண்டுவந்தது. வாசலுக்கு உள்ளே அவனுக்கு உறுதியான இடம் வாங்கித் தரவேண்டியது சங்கம்; சட்டத்தால் காக்க வேண்டியது, யாருடையதாயினும் சரி, ஆட்சி.

வாயிற்கூட்டத்திலே பேசும் தோழர்களே, வசையை விடுங்கள். கலைவாணரைப் போல் சிரிக்கச் சொல்லுங்கள், சிந்திக்கச் சொல்லுங்கள். அன்று ரயிலேறிய கிந்தன், இனி நிரந்தரப் பதிவேட்டிலும் ஏறட்டும்!