“இன்னும் ஒரே ஓர் ஓட்டம்!”

விளையாடிக் கொண்டிருக்கும் பிள்ளையை அழைத்து எழுப்புவது எக்காலத்திலும் எளிதான காரியமாக இருந்ததில்லை. ஆயினும், முற்றத்திலே பந்தாடிய பிள்ளையைப் பொழுது சாய்ந்ததும் இருளே வீட்டுக்குள் அனுப்பி வைத்தது. இன்றைய பிள்ளையின் கையிலிருக்கும் விளையாட்டுக் கருவிக்கோ இருள் ஒரு தடையன்று. அது தன் ஒளியைத் தானே உடையது. “போதும், எழுந்து வா” என்றால், “இன்னும் ஒரே ஓர் ஓட்டம், அம்மா!” என்ற மறுமொழி வருகின்றது. அந்த ஓட்டம் முடிந்ததும் மற்றுமோர் ஓட்டம். முடிவில் பிள்ளைக்குக் கண்ணீர், பெற்றோருக்குக் கோபம்.

இப்பிணக்கிலே குற்றம் யாருடையது? பிள்ளையினுடையதா, கருவியினுடையதா? தீர்ப்புக் கூறுமுன் இக்கார் ஓட்ட விளையாட்டுக்கள் பிறந்து வளர்ந்த வரலாற்றைச் சற்று அறிந்து கொள்ளுதல் நலம்.

நாணயத்திற்காகப் பிறந்தவை

இவ்விளையாட்டுக்கள் வீட்டுக்காகப் பிறந்தவை அல்ல. ‘ஆர்கேட்’ எனப்படும் கூடங்களிலே, நாணயத்தை இட்டு ஆடும் பெரிய பெட்டிகளாகவே இவை முதலில் தோன்றின. 1974ஆம் ஆண்டில் ஜப்பானின் டைட்டோ கம்பனி ‘ஸ்பீட் ரேஸ்’ என்னும் கார் ஓட்ட விளையாட்டை வெளியிட்டது. அதனை அமைத்தவர் டொமோஹிரோ நிஷிகாடோ. பின்னர் 1978இல் உலகெங்கும் புகழ்பெற்ற ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ விளையாட்டை ஆக்கியவரும் அவரே. 1982இல் நாம்கோ கம்பனியின் ‘போல் பொசிஷன்’ வந்தது.

இவ்வரிசையிலே தனிச் சிறப்புப் பெற்றது, 1986இல் சேகா கம்பனி வெளியிட்ட ‘அவுட் ரன்’. அதனை உருவாக்கிய யூ சுஸுக்கி, ஐரோப்பிய நாடுகளிலே காரிற் பயணஞ் செய்து, கண்ட காட்சிகளை உள்ளத்திற் கொண்டு அதனை அமைத்தார். சிவந்த நிறமுடைய திறந்த கார், கடற்கரை, ஓங்கிய மரங்கள், புறப்படுமுன் கார் வானொலியிலே மூன்று இசைகளுள் விரும்பியதைத் தெரிந்து கொள்ளும் உரிமை. பாதை பிரியுமிடத்தில் வலப்புறமோ இடப்புறமோ செல்லலாம். இவ்வாறு பிரிந்து பிரிந்து, முடிவிடங்கள் ஐந்தாகின்றன.

இவ்விளையாட்டில் வெல்ல வேண்டிய போட்டியாளர் எவருமில்லை என்பது கவனிக்கத்தக்கது. பகைவன் கடிகாரம் ஒன்றே. குறித்த எல்லையைக் குறித்த நேரத்துள் கடந்தால் மேலுஞ் சில விநாடிகள் கிடைக்கும். தவறினால் கார் நின்றுவிடும். சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடும்.

இவ்வளவு சிறிய ஆட்டமாக அமைத்தது ஏன்? பின்னால் இன்னொருவர் நாணயத்துடன் காத்து நிற்கின்றார்! ஒருவரே மணிக்கணக்கில் அமர்ந்திருந்தால் கூடத்தின் உரிமையாளருக்கு என்ன வருவாய்? ஆகவே, திரையின் மேலே ஓடிய கடிகாரம் கடைக்காரரின் கணக்குப்பிள்ளையே எனலாம். ஆனால் அக்கணக்குப்பிள்ளையால் ஒரு நன்மையும் விளைந்தது. பையிலிருந்த நாணயம் தீர்ந்ததும் ஆடுபவர் எழுந்தே ஆகவேண்டும். போதும் என்று சொல்ல வேறொருவர் வேண்டியதில்லை.

உள்ளங்கையில் ஒரு வீதி

இவ்வோட்டம் கைக்குள் அடங்கிய கதையும் வியப்பானதே. 1976இல் அமெரிக்காவின் மாட்டெல் கம்பனி ‘ஆட்டோ ரேஸ்’ என்னும் சிறு கருவியை வெளியிட்டது. அசையும் இயந்திர உறுப்புக்கள் இன்றி, முற்றிலும் மின்னணுவால் இயங்கிய முதலாவது கையடக்க விளையாட்டு அதுவே. அதாவது, கையடக்க மின்னணு விளையாட்டு என்ற இனமே ஒரு கார் ஓட்டத்துடன் தான் தொடங்கிற்று! அதிலே காருமில்லை, மரமுமில்லை. சிவந்த ஒளிக்கீற்றுக்கள் சில, மூன்று தடங்கள், அவ்வளவே. எதிர்ப்படும் கீற்றுக்களுக்கு விலகி, 99 விநாடிகளுள் நான்கு சுற்றுக்களை முடிக்க வேண்டும். மார்க் லெஸ்ஸர் என்பவர் அதற்கான கட்டளைகளை 512 பைட் அளவினுள் அடக்கினார். இக்கட்டுரையின் ஒரு பந்தியைக் கூட அத்துணைச் சிறிய இடத்தில் அடக்குதல் அரிது.

1989இல் நின்டெண்டோ கம்பனியின் ‘கேம் போய்’ வந்தது. நான்கு பற்றரிகள் அதற்குத் தேவைப்பட்டன. திரைக்குத் தன்னொளி இல்லை. அடுத்த ஆண்டில் சேகாவின் ‘கேம் கியர்’ நிறத்துடனும் ஒளியுடனும் வந்தது. ‘அவுட் ரன்’ அக்கருவிக்கும் வந்து சேர்ந்தது. ஆனால், ஆறு பற்றரிகளைச் சில மணி நேரத்திலே விழுங்கிவிடும் பசி அதற்கு இருந்தது. அக்காலத்தில் நாணயத்தின் பணியைப் பற்றரி ஏற்றுக் கொண்டது என்று சொல்லலாம். பற்றரி தீர்ந்தால் ஆட்டமும் தீர்ந்தது. புதியது வாங்கத் தந்தையாரின் தயவு வேண்டும்.

2004ஆம் ஆண்டு டிசம்பரில் சோனி கம்பனி ஜப்பானில் ‘பி.எஸ்.பி.’ கருவியை வெளியிட்டபோது, நாம்கோவின் ‘ரிட்ஜ் ரேசர்ஸ்’ என்னும் கார் ஓட்டம் கூடவே வந்தது. அக்கருவியின் பற்றரி மின்சாரத்தை மீண்டும் மீண்டும் ஏற்றிக் கொள்ளக் கூடியது. 2017இல் நின்டெண்டோவின் ‘சுவிட்ச்’ வந்தது. கையிலே பிடித்தும் ஆடலாம். தொலைக்காட்சியுடன் இணைத்தும் ஆடலாம். நாணயம் முன்னரே போயிற்று. இப்போது பற்றரியும் தடையாக நிற்கவில்லை. மூன்று நிமிடத்தில் முடியும் ஓட்டமோ மாறவில்லை. ஆனால், அதனை எத்தனை முறை ஓடுவது என்பதற்கு எல்லை வகுத்த காவலர் இருவரும் வேலையை விட்டு விலகிவிட்டனர். பிணக்கின் வேர் இங்கேதான் இருக்கின்றது.

ஆட்டத்தின் நுட்பம்

‘சுவிட்ச்’ கருவியிலே பலரும் விரும்பி ஆடுவது ‘மாரியோ கார்ட் 8 டீலக்ஸ்’ என்பதாகும். பன்னிருவர் ஓடுவர், பெரும்பாலான பாதைகளில் மூன்று சுற்றுக்கள். நான்கு பாதைகள் சேர்ந்தது ஒரு ‘கிண்ணம்’.

வேகப் பொத்தானை விடாது அழுத்திக் கொண்டிருப்பவரே வெல்வார் என்று புதியவர் எண்ணுவர். அஃது உண்மையன்று. வளைவு வருமுன்னரே வண்டியைச் சறுக்க விட்டு, சில்லுகளின் கீழே தீப்பொறி தோன்றும் வரை பொறுத்திருந்து, வளைவின் முடிவில் விடுவித்தால் வண்டி முன்னே பாய்கின்றது. பொறியின் நிறம் மாறும்வரை பொறுப்பவர்க்குப் பாய்ச்சல் அதிகம். பொறுமைக்கும் இங்கே பரிசுண்டு.

மற்றொரு நியாயமும் இதிலுண்டு. வழியிலுள்ள பெட்டிகளிலிருந்து பொருள்கள் கிடைக்கும். முன்னே செல்பவருக்கு வாழைப்பழத் தோலும் நாணயமும் கிடைக்க, பின்தங்கியவருக்கோ பலரையும் ஒருங்கே முந்திச் செல்லும் ஆற்றல் கிடைக்கும். முதல்வரைத் தேடிச் சென்று தாக்கும் நீல ஓடும் உண்டு. ஆதலின், தேர்ந்தவரும் தேராதவரும் ஒன்றாக ஆட இயலுகின்றது. வண்டி பாதையை விட்டு விலகாது காக்கும் ஓர் அமைப்பும் இருப்பதால், சிறு குழந்தையும் பாட்டியாரும் கூட அஞ்சாது ஓட்டலாம். கருவியின் இரு பக்கத்துப் பிடிகளையும் கழற்றி ஆளுக்கொன்றாக இருவர் வைத்துக் கொள்ளவும் முடியும்.

பெற்றோர்க்கு ஒரு வார்த்தை

“இன்னும் பத்து நிமிடம்” என்று தவணை கொடுப்பது நம் வழக்கம். இவ்விளையாட்டுக்கு அந்த அளவு பொருந்தாது. பத்தாவது நிமிடத்திலே பிள்ளை மூன்றாம் சுற்றில், இரண்டாம் இடத்தில் ஓடிக் கொண்டிருக்கலாம். அவ்வேளையில் கருவியைப் பறித்தால், அவன் இழப்பது அந்த நிமிடத்தை மட்டுமன்று. அதுவரை பட்ட பாடு முழுவதையும் இழக்கின்றான். நியாயம் மறுக்கப்பட்டதாக அவன் உள்ளம் கொதிப்பதில் வியப்பில்லை.

நிமிடத்தை விட்டு ஓட்டத்தை அளவாகக் கொள்ளுங்கள். “ஒரு கிண்ணம்” என்று ஆட்டம் தொடங்குமுன்னரே பேசிக் கொள்ளுங்கள். நான்கு ஓட்டங்கள் முடிந்ததும் பரிசளிப்பு நிகழும். ஆட்டம் தானாகவே ஓர் ஓய்வுக்கு வரும். எழுவதற்கு அதுவே உகந்த வேளை. கண்களும் சற்றுத் தொலைவை நோக்கி இளைப்பாறட்டும். இயன்றால் ஓர் ஓட்டம் நீங்களும் கூட ஓடிப் பாருங்கள். எதனை இடையில் நிறுத்தச் சொல்கின்றோம் என்பது அப்போது விளங்கும்.

இன்னொன்றையும் பிள்ளைகளுக்கு எடுத்துரைக்க வேண்டும். இவ்விளையாட்டிலே பாதையினின்றும் விழுந்தவரை ‘லாக்கிட்டு’ என்னும் பாத்திரம் தூக்கி மீண்டும் வீதியில் விடுகின்றது. மெய்யான வீதியிலே லாக்கிட்டு இல்லை. துவிச்சக்கர வண்டி ஓட்டத் தொடங்கும் வயதிலேயே இவ்வேறுபாடு பிள்ளையின் நெஞ்சிற் பதிந்துவிட வேண்டும்.

ஆகவே, குற்றம் பிள்ளையினுடையதுமன்று, கருவியினுடையதுமன்று. நாணயம் செய்து வந்த வேலை ஆளின்றிக் கிடக்கின்றது. அதனை வீட்டிலே யாராவது ஏற்க வேண்டும். முதலில் பெற்றோர் ஏற்பர். நாளடைவில் பிள்ளையிடமே அதனை ஒப்படைக்கலாம். அன்று கூடத்திலே ஆடியவர் பை வெறுமையானதால் எழுந்தார். நான்கு ஓட்டங்கள் என்று தான் கொடுத்த வாக்குக்காகக் கருவியைக் கீழே வைக்கப் பழகிய பிள்ளை, எந்தக் கிண்ணத்தையும் விடப் பெரிய பரிசைப் பெற்றுவிட்டது.