மண்ணுக்கே திருப்பிக் கொடுத்த மணி

கல்யாணமாகி, புதுச்சேரிக்கு வந்து பதினாறு வருஷமாகிறது. ஆடி பிறந்தால், வீராம்பட்டினம் செங்கழுநீர் அம்மனை தரிசிக்காமல் இருந்ததில்லை. பிரெஞ்சுக்காரர் காலத்தில், கவர்னரே வந்து வடம் பிடித்த தேர் ஆயிற்றே! ஆனால், பக்கத்திலேயே இருக்கும் அரிக்கமேட்டுக்கு மட்டும் போனதே இல்லை.

சமீபத்தில், ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகள், புதுச்சேரி அருங்காட்சியகத்தில் அரிக்கமேட்டு மணிகளையும், பானைகளையும் பார்த்து விட்டு, 'அந்த எடத்தப் பாக்கணும்' என்று நச்சரிக்க, ஒரு ஞாயிறு காலை கிளம்பினோம்.

மாமரங்கள், தென்னைகள், இடிந்த பழைய செங்கல் சுவர்... ஆற்றோரம் அலையாத்திச் செடிகள். அதில் கொக்கும், மீன்கொத்தியும்! 'இவ்வளவுதானா?' என்று தோன்றியது. என் கணவர்தான் விளக்கினார்... 1945ல், மார்டிமர் வீலர் என்பவர் இங்கே தோண்டியபோது, ரோமானியர் கால ஜாடிகளும், இத்தாலியில் செய்த சிவப்புத் தட்டுகளும் கிடைத்தனவாம். கண்ணாடியை உருக்கி, மெல்லிய குழலாக இழுத்து, நறுக்கி, மணி செய்த ஊராம் இது. எல்லாம், 2,000 வருஷத்துக்கு முந்தைய சங்கதி!

முதல் நாள் இரவு நல்ல மழை. என் காலடியில், மிளகு அளவில் சிவப்பாக ஒரு மணி! சட்டென்று எடுத்து, முந்தானையில் முடிந்து கொண்டேன். செயினில் கோத்துப் போட்டால், யாரிடம் இருக்கும் இப்படி ஒன்று?

சுள்ளி பொறுக்கிக் கொண்டிருந்த ஒரு பாட்டி பார்த்து விட்டார்.

'மழ பேஞ்சா மணி மேல வரும் தாயி. வர்றவங்க ஆளுக்கொண்ணு எடுத்துக்கிட்டுப் போனா, பொறவு இங்க என்னா மிஞ்சும்?' என்றார்.

'அம்மா... மியூசியத்துல இருந்தா எடுத்திருப்பியா?' என்றாள் மகள்.

சுருக்கென்றது. மணியை, எடுத்த இடத்திலேயே வைத்து விட்டேன்.

எந்த இடத்தில், எந்த மண்ணடுக்கில் கிடைத்தது என்பதை வைத்துத்தான், ஒரு பொருளின் காலத்தையே கணிக்கின்றனராம். என் கழுத்துக்கு வந்து விட்டால், அது வெறும் மணிதானே! தவிர, இது மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம். இங்கிருந்து எதையும் எடுக்கக் கூடாது.

தோழியரே... அடுத்த முறை அம்மனைக் கும்பிட வந்தால், பிள்ளைகளை அரிக்கமேட்டுக்கும் அழைத்துப் போங்கள். வெயிலுக்கு முன் போய் விடுவது நல்லது; குடையும், குடிதண்ணீரும் மறக்க வேண்டாம். திரும்பும்போது மட்டும், வெறுங்கையோடு வாருங்கள். நாளை, நம் பேரப்பிள்ளைகள் காலடியிலும் ஒரு மணி கிடக்கட்டுமே!

— ஒரு வாசகி, புதுச்சேரி.