கடையின் இணையத்தளத்துக்கும் ஒரு பேரேடு

நமது வர்த்தகர்கள் பலரிடம் இன்று கடைக்கென ஓர் இணையத்தளம் இருக்கிறது. பொருட்களின் படம், விலை, திறக்கும் நேரம், தொலைபேசி இலக்கம் என்பனவே அதில் பெரும்பாலும் இருக்கும். தரவுத்தளம் ஏதுமின்றி, எழுதி வைத்த பக்கங்களை அப்படியே காட்டும் இத்தகைய தளத்தை நிலையான தளம் என்பார்கள். செலவு குறைவு, விரைவாகவும் திறக்கும்.

சிக்கல் விலையை மாற்றும்போதுதான் வருகிறது. தளத்தைச் செய்து தந்த தம்பி தனது கணனியில் கோப்பைத் திருத்தி சேர்வருக்கு ஏற்றுகிறார். பழைய கோப்பின் மேல் புதியது விழுகிறது. எப்போது, யார், எதை மாற்றினார் என்பதற்குப் பதிவே இல்லை. 4,500 ரூபா சாரி 450 ரூபா என்று ஏறிவிட்டால், வாடிக்கையாளர் கைத்தொலைபேசியை நீட்டிக்கொண்டு முன்னால் நிற்பார். அந்நேரம் தம்பியின் தொலைபேசி பதிலளிக்காவிட்டால் பதில் சொல்ல வேண்டியவர் முதலாளிதான்.

கணக்குப் புத்தகத்தில் நாம் இப்படிச் செய்வதில்லை. தவறான பதிவை அழிக்காமல் எதிர்ப் பதிவு போடுகிறோம். இணையத்தளத்துக்கும் அந்த ஒழுங்கைத் தருவது கிட் என்ற இலவச மென்பொருள். லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் லினக்ஸ் பணிக்காக இதை எழுதினார். ஒவ்வொரு மாற்றமும் பெயர், திகதி, காரணத்துடன் அதில் பதிவாகிறது. முழு வரலாற்றின் பிரதியைக் கடைக் கணனியிலும் வைத்துக்கொள்ளலாம். தம்பி வெளிநாடு போனாலும் தளம் நம் கையிலேயே இருக்கும்.

சில கடைகளின் தளங்களைப் பராமரிப்பவன் என்ற வகையில் நான் அதிகம் நம்புவது கிட்டிலுள்ள ஹூக் வசதியைத்தான். ஹூக் என்பது ஒரு நிகழ்வு நடந்ததும் தானாக இயங்கும் சிறு கட்டளைக் கோப்பு. மாற்றங்கள் சேர்வருக்கு வந்து சேர்ந்ததும் 'போஸ்ட்-ரிசீவ்' ஹூக் இயங்கி, புதிய பக்கங்களைத் தளத்தின் கோப்புறையில் வைத்துவிடும். கையால் ஏற்றும் வேலையே இல்லை. தவறு கண்டால் 'ரிவேர்ட்' என்ற கட்டளையால் எதிர்ப் பதிவு போட்டு அனுப்ப, பழைய விலை திரும்பிவிடும்.

அதற்கு முன்பே தடுக்கவும் வழியுண்டு. 'ப்ரீ-ரிசீவ்' ஹூக் வாசற் காவலாளி போன்றது. விலையில்லாத பொருளையோ, நாம் குறித்த எல்லைக்குக் கீழான விலையையோ கண்டால் அந்த மாற்றத்தை ஏற்காமல் திருப்பி அனுப்புமாறு அதை எழுதி வைக்கலாம். அந்த 450 ரூபா வாசலிலேயே நின்றுவிடும்.

சில விடயங்களில் கவனம் தேவை. பிரதி எடுக்கும்போது ஹூக் கோப்புகள் கூட வருவதில்லை. அவற்றைத் தனியே சேமித்து வையுங்கள். கடவுச்சொற்களைக் கிட்டில் போடாதீர்கள். பின்னர் நீக்கினாலும் வரலாற்றில் நிற்கும். கிட் களஞ்சியம் பொதுமக்கள் பார்க்கும் கோப்புறைக்கு வெளியே இருக்கட்டும். ஊழியர் ஒவ்வொருவருக்கும் தனித்தனிச் சாவி கொடுங்கள். ஒருவர் விலகினால் அவருடைய சாவியை மட்டும் நீக்கினால் போதும்.

இவற்றைச் செய்ய சேர்வரில் கிட்டும் கட்டளை வரி அனுமதியும் இருக்க வேண்டும். ஹோஸ்டிங் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப் பணம் கட்டுமுன் இதைக் கேட்டுவிடுங்கள். தளத்தைப் பராமரிப்பவரிடம், “எனது தளத்தின் முழு வரலாறும் என்னிடம் ஒரு பிரதியாக இருக்கிறதா?” என்றும் கேளுங்கள்.