முதல் வாரம் சும்மா உட்காரவைப்பது ஏன்?

தொண்டு நிறுவனத்துக்கு இன்டர்ன்ஷிப் வரும் பிள்ளைகளில் பல பேர் முதல் வாரக் கடைசியில் வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்வது ஒன்றுதான்: "அம்மா, இங்க எனக்கு வேலையே குடுக்க மாட்டேங்கிறாங்க." பெற்றோருக்கும் கவலை வந்துவிடுகிறது. கூடப் படிக்கும் பிள்ளை ஐடி கம்பெனியில் புராஜெக்ட் செய்கிறது, நம் பிள்ளை ஏதோ ஒரு ஊர்த் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறதே என்ற கவலை. நியாயமான கவலைதான். ஒரு டீயைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், அந்தத் திண்ணையில் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன்.

எங்களிடம் வந்த ஒரு பெண்ணையே எடுத்துக்கொள்வோம். நகரத்தில் வளர்ந்தவள், கெட்டிக்காரி. சுகாதாரம் பற்றிய கேள்வித்தாளைக் கல்லூரியிலேயே தயார் செய்து டேப்லெட்டில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தாள். ஊர் முழுக்க முடிக்க இரண்டு நாள் போதும் என்பது அவள் கணக்கு. முடித்தும் விட்டாள். 'வீட்டில் கழிப்பறை இருக்கிறதா?' என்ற கேள்விக்கு ஏறக்குறைய எல்லா வீட்டிலும் 'இருக்கு'. 'பயன்படுத்துகிறீர்களா?' என்றால் அதற்கும் 'ஆமாம்மா'. அப்படியென்றால் இந்த ஊரில் நமக்கு என்ன வேலை என்று எங்களையே கேட்டாள்.

எங்கள் களப்பணியாளர் அக்கா பதில் எதுவும் சொல்லவில்லை. "நாளையிலிருந்து டேப்லெட் வேண்டாம். சாயங்காலம் கடலை உடைக்கிற இடத்துல போய் நீயும் உட்கார்ந்து உடை" என்றார். அவ்வளவுதான் வேலை. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

விதைக்கடலை உடைக்கும்போது கை ஓடும், வாயும் ஓடும். முதல் சில நாள் பெண்கள் அவளிடம் சினிமா, கல்யாணம், சம்பளம் என்றுதான் பேசினார்கள். பிறகு அவளை மறந்து தங்களுக்குள் பேச ஆரம்பித்தார்கள். தண்ணீர் எந்த நாள் வரும், யார் வீட்டுக் குடம் முன்னால் போனது, முட்டி வலி, இருட்டுவதற்குள் போய்வர வேண்டிய அவசரம். ஒருநாள் ஒரு பாட்டி விறகு எடுத்துவரச் சொன்னார். எங்கே பாட்டி என்றால், கையை நீட்டிக் காட்டிய இடம் கழிப்பறை. கதவைத் திறந்தால் பீங்கான் மேல் பலகை போட்டு, முள்விறகு ஒரு பக்கம், தவிட்டு மூட்டை ஒரு பக்கம். கேள்வித்தாளில் 'இருக்கு' என்று பதிவான அதே கழிப்பறை. பாட்டி பொய் சொல்லவில்லை. கழிப்பறை இருக்கத்தானே செய்கிறது? 'பயன்படுத்துகிறீர்களா' என்பதற்கும் ஒரு வகையில் சரியான பதில்தான்.

அவசரமாக வந்து கேட்பவருக்கு மக்கள் மரியாதைக்கு ஒரு பதில் சொல்வார்கள், வீட்டு வாசலில் நிற்பவரை மனம் நோக அனுப்பக் கூடாது என்று. உண்மையான பதில் அதற்குப் பின்னால் இருக்கிறது. அது வெளியே வர நாளாகும்.

இது எங்கள் ஊரின் தனிச்சங்கதி இல்லை. ராபர்ட் சேம்பர்ஸ் என்ற பிரிட்டிஷ் அறிஞர் 1983இல் வெளியிட்ட நூலில் இதை விரிவாகவே எழுதியிருக்கிறார். நகரத்திலிருந்து கிராமத்தைப் பார்க்கப் போகிறவர்கள் எதையெல்லாம் பார்க்காமலே திரும்புகிறார்கள் என்று அவர் வரிசைப்படுத்தினார். தார்ச்சாலையை ஒட்டிய வீடுகளை மட்டும் பார்ப்பார்கள். உள்ளே இருக்கும் காலனிக்குப் போக மாட்டார்கள். ஏற்கெனவே திட்டம் நடக்கும் இடத்துக்கே போவார்கள். பேச வருகிறவர்களிடம் மட்டும் பேசுவார்கள்; அவர்கள் பெரும்பாலும் ஆண்கள், ஓரளவு வசதி உள்ளவர்கள். மழையில்லாத காலத்தில்தான் போவார்கள்.

இந்தக் கடைசிச் சங்கதியை நம் கல்லூரிகள் கொஞ்சம் யோசிக்க வேண்டும். இன்டர்ன்ஷிப் பெரும்பாலும் கோடை விடுமுறையில் வருகிறது. வடகிழக்குப் பருவமழை அடிக்கும் ஐப்பசி, கார்த்திகையில் காய்ச்சல் எப்படிப் பரவுகிறது, பாதை எப்படி அறுந்துபோகிறது, கூலி வேலை இல்லாத வாரங்களில் அடுப்பு எப்படி எரிகிறது என்பதை அந்தப் பிள்ளை பார்க்கவே முடியாது. ஊரின் பாதி முகம் அவளுக்கு விடுமுறை அட்டவணையிலேயே மறைந்துபோகிறது.

சேம்பர்ஸும் அவரைப் போன்றவர்களும் இதற்கு மாற்றாக வளர்த்தெடுத்த முறையில், ஊர்க்காரர்களே தங்கள் ஊரின் வரைபடத்தைப் போடுவார்கள். இந்தியாவில் 1980களின் கடைசியிலிருந்து பல தொண்டு நிறுவனங்கள் இதைக் கையாள்கின்றன. நம் பக்கம் இதற்குக் கோலப்பொடியே போதும். அந்தப் பெண்ணும் அப்படி ஒரு படம் போடவைத்தாள். கோயில் முன்னால் தரையைக் கூட்டித் தண்ணீர் தெளித்தார்கள். தெருவுக்கு வெள்ளைப்பொடி, குழாய்க்குச் செங்கல் துண்டு, வீட்டுக்கு ஒரு புளியங்கொட்டை. குடம் தூக்கிப் போகும் வழியை மட்டும் நீலப்பொடியில் இழுத்தார்கள். இழுக்கும்போதே வாக்குவாதம். "அதெப்படி உன் வீட்டைக் குழாய்க்கிட்ட வைக்கிற, தள்ளி வை." பொடி என்பதால் கலைத்துப் போடலாம், பேனா பிடிக்காத கைகளுக்கும் அதில் தயக்கம் இல்லை. படம் முடிந்தபோது நீலக்கோடு ஊரைத் தாண்டி வெகுதூரம் போயிருந்தது. ஒரு குடம் தண்ணீருக்கு அவ்வளவு தூரம் நடக்கிறவர்கள் கழிப்பறையில் எத்தனை குடத்தை ஊற்றுவார்கள்? ஊரில் ஒட்டுவதற்காக அவள் விழிப்புணர்வுச் சுவரொட்டி தயாரித்துக் கொண்டுவந்திருந்தாள். அதை அவளே எடுத்து உள்ளே வைத்துவிட்டாள். அதற்குப் பதிலாக ஊராட்சிக்குக் குடிநீர் மனு எழுத உட்கார்ந்தார்கள். எழுதியவள் அவள், வாசகம் சொன்னது அந்தப் பெண்கள்.

அவளிடம் நான் கண்ட மாற்றம் சின்னச் சின்னதாகத்தான் தெரிந்தது. ஒருவர் பேசி முடிப்பதற்குள் அடுத்த கேள்விக்குப் போகும் பழக்கம் நின்றது. எல்லோரையும் 'ஆன்ட்டி' என்று கூப்பிட்டவள், யார் அத்தை, யார் பெரியம்மா, யார் அக்கா என்று தெரிந்து கூப்பிட்டாள். 'எனக்குத் தெரியாது, கேட்டுச் சொல்றேன்' என்று கூச்சமில்லாமல் சொன்னாள். எப்போதும் முதல் மார்க் வாங்கிய பிள்ளைக்கு அந்த வாக்கியம் லேசில் வருவதில்லை. என்னைக் கேட்டால், சான்றிதழில் எழுத வேண்டியது அதைத்தான்.

திண்ணையில் உட்காரவைத்துக் கற்றுக்கொடுப்பது இந்த நிதானத்தைத்தான். நிதானம் என்றவுடன் சோம்பலை நினைத்துவிடக் கூடாது. தடுப்பூசி நாளில் தாமதம் கிடையாது. பிரசவ வலி வந்தவரை நிதானமாக ஏற்றிப்போக முடியாது. கணக்கை அன்றன்றே எழுத வேண்டும். நிதானம் தேவைப்படுவது மனிதர்களோடு பழகுவதில், அவர்கள் சார்பாக முடிவெடுப்பதில்.

மகளிர் சுய உதவிக் குழுக்களைப் பாருங்கள். 1992இல் நபார்டு வங்கி 500 குழுக்களை வங்கிக் கடனோடு இணைக்கும் முன்னோட்டத் திட்டத்தைத் தொடங்கியது. குழு ஆரம்பித்த அன்றே வங்கி பணம் கொடுப்பதில்லை. குறைந்தது ஆறு மாதம் ஒழுங்காகக் கூட வேண்டும், சேமிக்க வேண்டும், உள்கடன் கொடுத்து வாங்க வேண்டும், தவணை தவறக் கூடாது, நோட்டுப் புத்தகம் சரியாக இருக்க வேண்டும். அதன் பிறகுதான் கடன் பேச்சே. ஒருவரையொருவர் நம்பப் பழகுவதற்காக விதியிலேயே ஒதுக்கிய காலம் அது. எட்டு வார இன்டர்ன்ஷிப்பில் வரும் பிள்ளை அந்தக் காலத்தின் ஒரு ஓரத்தை மட்டும் பார்க்கிறது. மாதக் கூட்டம் என்றால் அதிகம் போனால் இரண்டு.

நீண்டகாலம் இருந்தால் என்ன ஆகும் என்பதற்குத் தர்மபுரி மாவட்டத்துச் சிட்லிங்கி இருக்கிறது. டாக்டர் ரெஜி ஜார்ஜும் டாக்டர் லலிதாவும் 1993இல் அந்தப் பள்ளத்தாக்குக்குப் போனார்கள். மலையாளிப் பழங்குடியினரும் லம்பாடிகளும் வாழும் ஊர்கள் அவை. மருத்துவமனைக்கு அரூர்வரை ஐம்பது கிலோமீட்டர் அளவுக்குப் போக வேண்டியிருந்தது. இவர்கள் ஒரு கூரைக் குடிசையில் வைத்தியத்தை ஆரம்பித்தார்கள். அந்த ஊர்ப் பெண்களையே செவிலியர்களாகவும் சுகாதாரப் பணியாளர்களாகவும் பயிற்றுவித்தார்கள். ஆயிரம் குழந்தைகளுக்கு 147 என்றிருந்த சிசு மரணம், ஆண்டுகள் போகப்போக இருபதையொட்டி இறங்கியது. விவசாயம் கைவிட்டதால் மக்கள் ஊரைவிட்டுப் போவதைக் கண்டு இயற்கை வேளாண்மையில் கைவைத்ததும், மறைந்துகொண்டிருந்த லம்பாடி எம்பிராய்டரிக்கு உயிர்கொடுத்ததும் பத்தாண்டுக்கும் பிந்தியவை. உடல்நலத்துக்கும் வயலுக்கும் உள்ள தொடர்பு நோயாளிகளோடு பேசிப்பேசித் தெரிந்தது. வந்த வருடமே திட்டம் எழுதியிருந்தால் அதில் எம்பிராய்டரி என்ற சொல்லே இருந்திருக்காது.

இதில் நிறுவனங்களின் பங்கையும் சொல்லியாக வேண்டும். இன்டர்ன் என்றால் சம்பளமில்லாமல் போட்டோ எடுக்கவும் பதிவேற்றவும் ஒரு ஆள் என்று நடத்தும் இடங்கள் இருக்கின்றன. நிதானம் கற்றுக்கொடுக்கிறோம் என்று சொல்லிப் பிள்ளையைக் கவனிக்காமல் விட்டுவிடும் இடங்களும் உண்டு. இரண்டுமே தவறு. சும்மா உட்காரவைத்தால், பக்கத்தில் அனுபவசாலி ஒருவர் இருக்க வேண்டும். இரவில் 'இன்னைக்கு என்ன கேட்டே?' என்று விசாரிக்க வேண்டும். போக்குவரத்துச் செலவுக்காவது உதவித்தொகை கொடுக்க வேண்டும். இல்லையென்றால் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் மட்டும்தான் இந்தப் படிப்புக்கு வர முடியும்.

கல்லூரிகளுக்கு ஒரு கோரிக்கை. எட்டு வாரத்துக்கு மேல் ஒதுக்க முடியவில்லை என்றால், பத்து ஊருக்கு அனுப்பாதீர்கள். ஒரே ஊரில் இருக்க விடுங்கள். முடிந்தால் மழைக்காலத்தில் ஒரு வாரம் திரும்பவும் அனுப்புங்கள். பிள்ளை எழுதும் அறிக்கையைத் துறைத்தலைவரிடம் கொடுப்பதற்கு முன்னால் அந்த ஊர்ப் பெண்களைக் கூட்டித் தமிழில் படித்துக்காட்டச் சொல்லுங்கள். அவர்கள் 'இது தப்பு' என்று சொன்ன இடங்களைத் திருத்திய பிறகு மதிப்பெண் போடுங்கள்.