கார்ல 'கீச் கீச்' சத்தமா? பர்ஸைத் திறக்கிறதுக்கு முன்னாடி காதைத் திறங்க!

"வண்டி பழசாயிடுச்சு, சத்தம் வருது, மாத்திடலாம்." இந்த ஒரு வரியோட விலை என்னன்னு முதல்ல பார்ப்போம். 6 லட்சம் ரூபாய் கார் லோன், 10% வட்டி, 5 வருஷம்னா மாசத் தவணை சுமார் 12,750 ரூபாய். வட்டி மட்டுமே சுமார் 1.65 லட்சம்! ஆனா சத்தத்துக்குக் காரணம் தேஞ்சுபோன ஒரு ரப்பர் புஷ்ஷா கூட இருக்கலாம். அதனால, எங்கேயிருந்து சத்தம் வருதுன்னு தெரியாம ஒரு ரூபாய் கூட செலவு பண்ணாதீங்க.

முதல் வேலை: காரை காலி பண்ணுங்க

டேஷ்போர்டு அறையில கிடக்கிற சில்லறை, சீட்டுக்கு அடியில தண்ணி பாட்டில், டிக்கியில ஜாக்கி எல்லாத்தையும் எடுத்துட்டு ஒரு ரவுண்டு போங்க. சத்தம் நின்னுட்டா செலவு பூஜ்யம்.

சத்தம் எப்போ வருது?

*பிரேக் பிடிக்கும்போது:* சாரல் சீசன்ல ஆய்க்குடி, தென்காசி, குற்றாலம் பக்கம் ராத்திரி வெளியே நின்ன காரோட பிரேக் டிஸ்க்ல லேசா துரு படியும். காலையில முதல் ரெண்டு மூணு பிரேக்ல கிரீச்னு கேட்டு, தானா நின்னுட்டா பயப்பட வேண்டாம். நாள் முழுக்கக் கேட்டா, பேட் தேஞ்சிருக்கலாம். பேட் தேஞ்சதும் டிஸ்க்ல உரசிச் சத்தம் போடுறதுக்குன்னே பல கார்கள்ல சின்ன இரும்புத் தகடு வெச்சிருப்பாங்க. அது உங்களுக்கான அலாரம். தள்ளிப்போட்டா பேட் செலவோட டிஸ்க் செலவும் சேரும். செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு மலைப்பாதையில போறதா இருந்தா, இதைச் சரி பண்ணாம கிளம்பவே கிளம்பாதீங்க.

*ஸ்டார்ட் பண்ணதும், ஏசி போட்டதும்:* பானெட் பக்கம் கீச்னு கத்தினா பெல்ட் அல்லது டென்ஷனர் மேல சந்தேகப்படலாம்.

*ஸ்பீடு பிரேக்கர்ல:* இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு காரோட நாலு மூலையையும் ஒவ்வொண்ணா அழுத்தி விடுங்க. கூட இருக்கிறவர் சக்கரத்துப் பக்கம் காது கொடுக்கட்டும். சத்தம் வர்ற மூலையில சஸ்பென்ஷன் புஷ், லிங்க் ராடு, பால் ஜாயின்ட்டைப் பார்க்கச் சொல்லுங்க.

*ஸ்டீயரிங்கை முழுசா ஒடிக்கும்போது 'டக் டக்':* டிரைவ் ஷாஃப்ட் ஜாயின்ட்டா இருக்கலாம். தள்ளிப்போடாதீங்க.

*காருக்குள்ளேயே:* நீங்க மெதுவா ஓட்டுங்க, பக்கத்து சீட்ல இருக்கிறவர் டேஷ்போர்டு, கதவு, சீட் பெல்ட் கொக்கின்னு ஒவ்வொண்ணா அழுத்திப் பார்க்கட்டும். எதை அழுத்தினா சத்தம் நிக்குதோ, அதுதான் இடம். பிளாஸ்டிக் உரசினா நடுவுல கொஞ்சம் ஃபெல்ட் டேப். கதவு ரப்பர்னா துடைச்சுட்டு சிலிகான் கிரீஸ். இன்ஜின் ஆயிலை ரப்பர்ல தடவாதீங்க, ரப்பர் கெட்டுப்போகும். பிரேக் பக்கம் எந்த எண்ணெயும், எந்த ஸ்பிரேயும் வேண்டவே வேண்டாம்!

மெக்கானிக்கிட்ட எப்படிச் சொல்லணும்?

"சத்தம் வருதுண்ணே, பாருங்க"ன்னு சாவியை மட்டும் கொடுத்துட்டு வந்தா, ஒவ்வொரு பார்ட்டா மாத்திப் பார்க்கிற செலவு உங்க தலையில. "இடது முன் சக்கரம், 20 கி.மீ. வேகம், ஸ்பீடு பிரேக்கர்ல இறங்கும்போது"ன்னு சொல்லுங்க. முடிஞ்சா அவரையும் உட்கார வெச்சு ஒரு ரவுண்டு போங்க. வேலைக்கு முன்னாடி எஸ்டிமேட், வேலை முடிஞ்சதும் பழைய பார்ட், கூடவே பில், மூணையும் கேட்டு வாங்குங்க. சர்வீஸுக்கு பில் தராம இருக்கிறது, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை. இன்சூரன்ஸை நம்பி இருக்காதீங்க, சாதாரண தேய்மானம் அதுல வராது.

கடைசியா ஒரு கணக்கு. சம்பளம் வந்ததும் மாசம் 1,000 ரூபாயை 'கார் பராமரிப்பு'ன்னு தனியா ஒதுக்குங்க. வருஷத்துக்கு 12,000. புது கார் லோனோட ஒரு மாசத் தவணையை விடக் குறைவுதான்!